பியோனி எந்தக் குடும்பம்? பழைய பாடநூலும் புதிய பாடநூலும் வேறுபடுவது ஏன்?

கேள்வி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. தாவரவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்காகத் தகப்பனார் கேட்கிறார். வீட்டுப் பரணில் கிடந்த, பெரியப்பா படித்த காலத்துப் பாடநூலில் பியோனிச் செடி ரனன்குலேசியே குடும்பத்தில் இருக்கிறது. நூலகத்தில் எடுத்த இன்னொரு நூல் அதை டில்லினியேசியேக்குப் பக்கத்தில் வைக்கிறது. மகளின் நூலிலோ அது பியோனியேசியே என்ற தனிக் குடும்பமாகச் சாக்ஸிஃப்ரகேல்ஸ் துறையில் நிற்கிறது. மூன்றில் எது சரி, ஒரே ஒரு பேரினத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இருக்க முடியுமா, அந்தச் செடிக்கு நம் பக்கத்தில் உறவு ஏதாவது உண்டா என்பன அவருடைய கேள்விகள். இணையத்தில் வாங்கி நட்ட பியோனிக் கிழங்கு முளைக்கவே இல்லை என்ற வருத்தத்தையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்.

மகளின் நூல்தான் சரி. ஆனால் தேர்வுக்கு விடை எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், முந்தைய இரண்டு நூல்களும் ஏன் அப்படிச் சொல்லின என்பதைத் தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது. அந்த நூல்களை எழுதியவர்கள் பூவைச் சரியாகத்தான் பார்த்தார்கள். பார்த்தவற்றுள் எதை உறவுக்குச் சான்றாகக் கொள்ளலாம், எதைக் கொள்ளக் கூடாது என்பதில்தான் தவறினார்கள்.

நம்மில் பெரும்பாலோர் இந்தச் செடியைப் படத்தில்தான் பார்த்திருப்போம் என்பதால் முதலில் அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். பியோனி பல்லாண்டு வாழும் செடி. தரைக்கு மேல் உள்ள பகுதி குளிர்காலத்தில் பட்டுப்போய், மண்ணுக்குள் தடித்த வேர்களோடு உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் வகைகளே மிகுதி. சீனத்து மலைகளில் மட்டும் தண்டு கட்டையாக மாறும் புதர் வகைகள் உள்ளன. இவற்றை மரப் பியோனி என்று உலகமே அழைத்தாலும், நம் வீட்டுச் செம்பருத்தி அளவுக்கு வளர்ந்தாலே பெரிது. இலைகள் மாற்றிலை அமைப்பில், பல பிரிவுகளாக வெட்டுப்பட்டிருக்கும். இலையடிச் செதில் கிடையாது. காட்டு வகைப் பூவில் தோல் போன்ற தடித்த புல்லி இதழ்கள் ஐந்து வாக்கில் இருந்து, காய் முற்றும் வரை உதிராமல் நிற்கும். அல்லி இதழ்கள் ஐந்து முதல் பத்து வரை இருக்கும். நடுவே கணக்கில்லாத மகரந்தத்தாள்களும், அவற்றுக்குள்ளே ஒன்றோடொன்று ஒட்டாத, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வரையிலான சூலக இலைகளும் இருக்கும். ஒவ்வொரு சூலக இலையும் முற்றி, எருக்கங்காய் வெடிப்பதுபோல ஒரு பக்கமாகப் பிளக்கும். பிளந்த காய்க்குள் கருமையாக மின்னும் விதைகளுக்கிடையே சிவந்த விதைகளும் தெரியும். கறுப்பு, கருவுற்ற விதை. சிவப்பு, கருவுறாமல் போன சூல். குன்றிமணி ஒரே விதையில் வைத்திருக்கும் கறுப்பு சிவப்பை இந்தச் செடி இரண்டு விதைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம். பூங்கொத்துக் கடைகளில் வரும், இதழ் நெருக்கமாக அடுக்கிய பியோனி, தோட்டக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. வகைப்பாட்டைப் பற்றிப் பேசும்போது அதை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அதில் மகரந்தத்தாள்களில் பாதி இதழாகிப் போயிருக்கும்.

லின்னேயஸ் 1753இல் பியோனியா என்ற பேரினத்தைத் தம் முறையில் சேர்த்தபோது, மகரந்தத்தாள் பல, சூலகம் இரண்டு என்ற எண்ணிக்கையை வைத்தே இடம் கொடுத்தார். அந்தப் பெயர் கிரேக்கத் தேவர்களுக்கு மருத்துவம் பார்த்த பையோன் என்பவனை ஒட்டியது. பியோனியா அஃபிசினாலிஸ் என்ற ஒரே சிற்றினத்துக்குள் ஆண் பியோனி, பெண் பியோனி என்று இரு வகைகளை அவர் காட்டியது, பழைய மூலிகை நூல்களிலிருந்து வந்த வழக்கு. நம் ஊர் ஆண்பனை, பெண்பனை போல ஒன்றில் பாளை மட்டும், மற்றதில் நுங்கு என்ற பேச்சே அங்கு இல்லை. இரண்டும் இருபால் பூக்கள்தாம். தடித்து நின்றதை ஆண் என்றும் மென்மையாக இருந்ததைப் பெண் என்றும் சொல்லி வைத்தார்கள்.

பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ, 1789இல் இயற்கைக் குடும்பங்களை வகுத்தபோது பியோனியை ரனன்குலேசியேயில் வைத்தார். 1862இல் வெளிவரத் தொடங்கிய பெந்தம், ஹூக்கர் இருவரின் பேரினத் தொகுப்பும் அதையே ஏற்று, அக்குடும்பத்துக்குள் பியோனிக்கென்று ஓர் உட்பிரிவைக் கொடுத்தது. ஜோசப் ஹூக்கர் 1872இல் பிரிட்டிஷ் இந்தியத் தாவரநூலின் முதல் தொகுதியில் இமயமலைப் பியோனியையும் அங்கேயே சேர்த்தார். நம் நாட்டுக் கல்லூரிகளில் பாடமும், தாவரகங்களில் உலர்தாள் அடுக்கும் தலைமுறைகளாகப் பெந்தம்–ஹூக்கர் முறையிலேயே நடந்துவந்தன. ஆகவே பெரியப்பாவின் நூல் சொன்னது அச்சுப் பிழை அன்று; அந்தக் காலத்துப் பாடமே அதுதான். பாளையங்கோட்டையில் நான் படித்தபோதும் அதைத்தான் படித்தேன். பிறகு சில ஆண்டுகள் அதையே சொல்லியும் கொடுத்தேன்.

அந்தக் குடும்பத்தில் ஏன் வைத்தார்கள்? பல மகரந்தத்தாள்கள், ஒட்டாத சூலக இலைகள், எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பூத்தளம், ஒருபுறம் வெடிக்கும் கனி, வெட்டுப்பட்ட இலை ஆகிய இத்தனையும் ரனன்குலேசியேயிலும் உண்டு. அக்குடும்பத்தை அறிய நீங்கள் மலையேற வேண்டியதில்லை. அடுக்களையில் இருக்கும் கருஞ்சீரகமும், நாட்டு மருந்துக்கடையின் அதிவிடயமும், நஞ்சென்று பெயர்பெற்ற நாபியும் அதைச் சேர்ந்தவையே. இத்தனை ஒற்றுமை இருந்தால் யாராக இருந்தாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த இடத்தில்தான் தாமரையைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் குளங்களில் தாமரையும் ஆம்பலும் ஒரே நீரில் கிடக்கின்றன. இரண்டுக்கும் வட்ட இலை, நீண்ட காம்பு, பல இதழ், பல மகரந்தத்தாள். பெந்தமும் ஹூக்கரும் இரண்டையும் ஒரே குடும்பத்தில் போட்டது கண்ணுக்கு முழு நியாயமாகவே தெரியும். ஆனால் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது தாமரையின் நெருங்கிய உறவு ஆம்பல் அன்று, குளிர்நாடுகளில் சாலையோரம் நிற்கும் பிளேன் என்ற பெருமரமே என்று தெரியவந்தது. இன்று தாமரை புரோட்டியேல்ஸ் துறையில் தனிக் குடும்பமாக நிற்கிறது. நீரில் வாழும் வாழ்க்கை இரண்டு செடிகளுக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டது.

பியோனியின் கதை இதற்குச் சற்று வேறுபட்டது. பல மகரந்தத்தாள்களும் ஒட்டாத சூலக இலைகளும் பூக்கும் தாவரங்களின் பல கிளைகளில் பரவலாகக் காணப்படும் பழைய பண்புகள். செண்பகத்திலும் உண்டு, சீத்தாவிலும் உண்டு, தாமரையிலும் உண்டு. குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி அருவிக்குப் பெயர் கொடுத்த அதே செண்பகத்தின் காய்க்கொத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சூலக இலையும் தனித்தனியே பிளந்து செவ்விதையைக் காட்டும். அதற்காகச் செண்பகத்தைப் பியோனிக்கு உறவு என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் பலரிடம் இருக்கும் பண்பை வைத்து இருவரை அண்ணன் தம்பி என்று தீர்மானிக்க முடியாது. அந்த இருவரிடம் மட்டும் இருக்கும் அடையாளம் வேண்டும். ரனன்குலேசியேயோடு பியோனிக்கு அப்படிப்பட்ட தனி அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. தேடத் தேட வேற்றுமைதான் கூடியது.

அந்த வேற்றுமைகளுள் சிலவற்றை வெறும் கண்ணாலேயே காணலாம். ரனன்குலேசியேயில் தேன் சுரப்பது பெரும்பாலும் இதழில். கருஞ்சீரகப் பூவில் சின்னஞ்சிறு கிண்ணம்போல இருக்கும் உறுப்புகள் தேனிதழ்கள்தாம், நாம் இதழ் என்று நினைப்பது அங்கே புல்லி. பியோனியிலோ சூலக இலைகளைச் சுற்றி அடியில் ஒரு சதைப்பற்றான வட்டு இருக்கிறது. செடி வகைகளில் அது தாழ்ந்த வளையமாக நின்றுவிடும். மரப் பியோனி சிலவற்றில் தோல் பைபோல உயர்ந்து சூலக இலைகளையே மூடிக்கொள்ளும். புல்லியும் இலையிலிருந்து படிப்படியாக மாறி வந்தது என்பது பூவுக்குக் கீழே பார்த்தாலே தெரியும். மேல் இலை, பூவடி இலை, புல்லி என்று எல்லை சொல்ல முடியாதபடி ஒன்று மற்றொன்றாகிக்கொண்டே போகும்.

மற்றவற்றுக்கு நுண்ணோக்கி வேண்டும். வொர்ஸ்டெல் என்பவர் 1908லேயே, இந்தப் பூவுக்குள் ஓடும் சாற்றுக்குழாய்களின் அமைப்பைக் காட்டி, இது ரனன்குலேசியேயில் இருக்க முடியாது என்று வாதிட்டார். குரோமோசோம்களை எண்ணத் தொடங்கியபோது பியோனியின் அடிப்படை எண் 5 என்றும், ரனன்குலேசியேயில் அது பெரும்பாலும் 8 அல்லது 7 என்றும் தெரிந்தது. 1946இல் கார்னர், பூ மொட்டாக இருக்கும்போது மகரந்தத்தாள்கள் தோன்றும் வரிசையைக் கவனித்தார். ரனன்குலேசியேயில் வெளியே உள்ளவை முதலில் தோன்றி, உள்நோக்கிப் போகின்றன. பியோனியில் நடுவை ஒட்டியவை முதலில் தோன்றி வெளிநோக்கி வருகின்றன. ஒரே அளவு கூட்டம் அரங்கில் இருந்தாலும், ஒரு கூட்டம் பின்வாசல் வழியாகவும் மற்றது முன்வாசல் வழியாகவும் வந்தது என்றால் அவை ஒரே ஊர்க்கூட்டம் அல்ல என்று ஐயப்படலாம் அல்லவா? வேதியியலும் அதே பக்கம்தான் பேசியது. பியோனிக்கென்றே பியோனிஃப்ளோரின் என்ற பொருள் இருக்கிறது. ரனன்குலேசியேயின் தனி முத்திரையான, கசக்கினால் தோலைப் புண்ணாக்கும் சாறு இதில் இல்லை.

இவை எல்லாவற்றையும் விட வியப்பானது கரு வளரும் விதம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மகளின் பாடநூலில் இது ஒரு வரியாகக்கூட இருக்காமல் போகலாம். இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் குடிக்கும் அந்த நீர், விதைக்குள் கருவுக்கு உணவாக அமையும் முளைசூழ்தசையின் திரவ நிலை. அதில் உட்கருக்கள் பிளந்து பிளந்து பெருகியிருக்கும். ஆனால் அவற்றுக்கிடையே சுவர் எழுந்திருக்காது. பிறகு ஓட்டின் ஓரத்திலிருந்து சுவர்கள் எழுந்து செல்கள் அமைய அமைய வழுக்கையாகி, பின் தேங்காயாகிறது. நுங்கின் கண்ணுக்குள் நிற்கும் நீரும் அது சூழ்ந்த சதையும் இதே வகை. பல தாவரங்களில் முளைசூழ்தசை இப்படித்தான் தொடங்கும், அதில் புதுமை இல்லை. ஆனால் கரு அப்படித் தொடங்காது. கருமுட்டை முதல் பிளவிலேயே இடையில் சுவர் எழுப்பி இரண்டு செல்களாகிவிடும். நாம் பள்ளியில் வரைந்த படம் அதுதான். பியோனியில் மட்டும் கருமுட்டையின் உட்கரு, சுவரே எழாமல், பல முறை பிளக்கிறது. உட்கருக்கள் மிதக்கும் ஒரு பைபோல ஆனபின்தான் ஓரங்களில் சுவர் எழுந்து, அங்கிருக்கும் செல்களிலிருந்து உண்மைக் கரு உருவாகிறது. சோவியத் ஒன்றியத்தில் யாகோவ்லெவ், யோஃபே இருவரும் 1950களில் இதைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. பிறகு மற்ற ஆய்வாளர்களும் வேறு பியோனிகளில் இதையே கண்டனர். சைகஸ், பைன் போன்ற திறந்த விதைத் தாவரங்களில் இத்தகைய தொடக்கம் சாதாரணம். பூக்கும் தாவரங்களில் இது பியோனியின் தனிச்சொத்து. அதனால் பியோனி திறந்த விதைத் தாவரங்களுக்கு நெருக்கம் என்று ஆகிவிடாது. தனக்கென்று தனியாகப் பெற்றுக்கொண்ட பண்பு, யாருடைய உறவையும் காட்டாது. "இவன் வெகுகாலம் தனியே நடந்து வந்தவன்" என்பதை மட்டும் காட்டும்.

ரனன்குலேசியேயிலிருந்து வெளியே எடுத்தாயிற்று, எங்கே வைப்பது? கார்னர் சொன்ன மகரந்தத்தாள் வரிசை டில்லினியேசியேயிலும் அப்படியே இருந்தது. நம் மலைக்காடுகளின் நாய்த்தேக்கு அந்தக் குடும்பம்தான். அங்கேயும் ஒட்டாத சூலக இலைகள், உதிராத புல்லிகள் உண்டு. ஆகவே பியோனியைத் தனிக் குடும்பமாக்கி டில்லினியேசியேக்கு அருகில் வைக்கும் வழக்கம் வந்தது. 1981இல் வெளியான, அமெரிக்க வகைப்பாட்டியலாளர் கிரான்குவிஸ்டின் பெரிய நூலில் பியோனியேசியே டில்லினியேல்ஸ் துறையில்தான் இருக்கிறது. நூலகத்தில் எடுத்த நூல் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. சோவியத் வகைப்பாட்டியலாளர் தக்தஜன் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பியோனிக்குத் தனித் துறையே வகுத்தார். ஒரு செடி எங்கும் பொருந்தாவிட்டால் அதற்குத் தனி அறை கட்டிக் கொடுப்பது வகைப்பாட்டியலாளரின் பழைய பழக்கம். தவறில்லை, ஆனால் அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

தெருவைக் காட்டியது மரபணு. 1993இல் சேஸும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும், பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் என்ற ஒரே மரபணுவின் வரிசையைச் சுமார் 500 விதைத் தாவரங்களில் ஒப்பிட்டார்கள். பியோனி ரனன்குலேசியேயிடமும் போகவில்லை, டில்லினியாவிடமும் போகவில்லை. யாரும் எதிர்பாராத இடத்தில், சாக்ஸிஃப்ராகா கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. 1998இல் ஆஞ்சியோஸ்பெர்ம், அதாவது பூக்கும் தாவரங்களின், வகைப்பாட்டுக் குழு தன் முதல் அறிக்கையை வெளியிட்டபோது பியோனியேசியேயைச் சாக்ஸிஃப்ரகேல்ஸ் துறையில் வைத்தது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களிலும் அந்த இடம் மாறவில்லை. 1993க்குப் பின் வேறு மரபணுக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளும் அதையே சொல்வதால், மகள் தயங்காமல் எழுதலாம். குடும்பப் பெயருக்கு உரியவராக 1815இல் எழுதிய ராஃபினெஸ்க்கைக் குறிப்பிட வேண்டும். தனிக் குடும்பம் என்ற எண்ணம், அதை ஊரார் ஏற்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் இதில் கவனியுங்கள்.

2016 கணக்கின்படி இந்தத் துறையில் 15 குடும்பங்கள். வெளித்தோற்றத்தில் இவ்வளவு பொருத்தமில்லாத கூட்டத்தை வேறெங்கும் காண்பது அரிது. பெருமரங்கள், சதைப்பற்றுச் செடிகள், மேனாட்டுக் கூஸ்பெரி (நம் நெல்லி அன்று) போன்ற புதர்கள், நீரில் மூழ்கி வாழும் பாசி போன்ற செடிகள், பச்சையமே இல்லாத ஓர் ஒட்டுண்ணி என்று எல்லாம் இதில் உண்டு. பியோனியின் அண்டை வீட்டார், இந்தத் துறையின் மரக் கிளைக் குடும்பங்கள் என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றுள் ஒன்றான டாஃப்னிஃபில்லம், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வளர்கிறது. நீலகிரியின் பெயரையே சிற்றினப் பெயராகத் தாங்கியிருக்கிறது. கிளைகள் பிரிந்த வரிசையைத் துல்லியமாகச் சொல்வது மட்டும் கடினமாக இருந்துவந்தது. மிகப் பழங்காலத்தில், குறுகிய இடைவெளிக்குள் பல கிளைகள் அடுத்தடுத்துப் பிரிந்துவிட்டதே காரணம்.

ஒரே பேரினத்தோடு ஒரு குடும்பமா என்று கேட்டிருந்தீர்கள். கொல்லையில் நிற்கும் முருங்கையைப் பாருங்கள். மொரிங்கேசியே குடும்பத்தில் முருங்கையைத் தவிர வேறு பேரினமே இல்லை. மொத்தம் 13 சிற்றினங்கள், அவ்வளவுதான். பெந்தமும் ஹூக்கரும் அதற்கு இடம் தெரியாமல் ஒழுங்குக்கு அடங்காதது என்று ஓரமாக வைத்திருந்தார்கள். இன்று அது கடுகு இருக்கும் துறையில், பப்பாளிக்கு மிக நெருங்கிய உறவாக இருக்கிறது. தாமரையின் குடும்பமும் அப்படியே. ஒரு பேரினம், ஆசியாவில் ஒன்றும் அமெரிக்காவில் ஒன்றுமாக இரண்டே சிற்றினங்கள். பேரினங்கள் எத்தனை என்பது குடும்பத்துக்குத் தகுதி ஆகாது. அருகில் இருந்த கிளைகளெல்லாம் அழிந்து, ஒரே கிளை மிஞ்சினாலும் அது குடும்பம்தான். வாரிசு ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டை வீடில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இனி, அந்த ஒரே பேரினத்துக்குள். ஸ்டெர்ன் 1946இல் எழுதிய ஆய்வுநூலில் 33 சிற்றினங்களைக் கொண்டார். இன்றும் ஏறக்குறைய அந்த அளவில்தான் எண்ணிக்கை நிற்கிறது, ஆனால் எவை எவை என்பதில் நிறைய மாறிவிட்டது. சீனத் தாவரவியலாளர் ஹாங் தேயுவான் களத்துக்கே போய்ப் பார்த்து எழுதிய தொகுதிகள் இன்றைக்கு அடிப்படை. மரபான பகுப்பு மூன்று. மௌடான் என்ற பிரிவில் சீனத்தின் புதர் வகைகள். ஒனைப்பியா என்ற பிரிவில் வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதிகளில் வாழும் பிரௌனி, கலிஃபோர்னிகா என்ற இரண்டே சிற்றினங்கள். தலைகவிழ்ந்த, சிறிய பூ. மீதி எல்லாம் பியோனியா என்ற பிரிவில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து காகசஸ், இமயமலை வழியாக ஜப்பான் வரை. புதரையும் செடியையும் ஒரே பேரினத்தில் வைப்பது பொருந்துமா என்று ஐயம் எழலாம். டோயிச்சி இட்டோ என்ற ஜப்பானியர் 1948இல் இரண்டையும் கலந்து விதை எடுத்தார். அந்தச் செடிகள் பூப்பதைக் காணாமலே 1956இல் இறந்துவிட்டார், பூத்தபின் அவருடைய பெயரே அந்தக் கலப்புகளுக்கு நிலைத்தது. பிரிவு தாண்டிக் கலக்கும் அளவுக்கு அவை நெருக்கமானவை.

இந்தக் கலப்புத்தான் பியோனியை வகைப்படுத்துவோருக்குப் பெரிய தலைவலி. தாவ் சாங்கும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் மரபணு வரிசைகளைக் கொண்டு, மத்தியதரைக் கடல் பகுதிப் பியோனிகள் பல, பழங்காலக் கலப்புகளிலிருந்து தோன்றியவை என்று காட்டினார்கள். கிளை பிரிந்துகொண்டே போகும் மரமாக அல்லாமல், பின்னலாகத்தான் அந்தப் பகுதியின் வரலாற்றை வரைய வேண்டியிருக்கிறது. தோட்டங்களில் பேர்பெற்ற சஃப்ருட்டிகோசா என்ற மரப் பியோனியும் பல காட்டுச் சிற்றினங்கள் மனிதர் கையில் கலந்து வந்ததே. குரோமோசோம் எண்ணிக்கை 5 என்று சொன்னேன். எண்ணிக்கையில் சிறிது, உருவில் பூதம். ஒஸ்டியை என்ற மரப் பியோனியின் முழு மரபணுத் தொகுதியை 2022இல் வெளியிட்டபோது அதன் நீளம் ஏறத்தாழ 1,228 கோடி எழுத்துகள் என்று தெரிந்தது. மனிதனுடையது 310 கோடி வாக்கில், நெல்லுடையது 40 கோடி வாக்கில். நம் வயல் நெல்லைப்போல முப்பது மடங்கு எழுத்தை ஐந்தே கட்டுகளில் அடைத்து வைத்திருக்கிறது இந்தச் செடி. நெல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பியோனியின் பெயரிலேயே பியோனிடின் என்ற நிறமி ஒன்று உண்டு. கருப்பரிசிக்கு அந்தக் கருமையைத் தரும் நிறமிகளில் அதுவும் ஒன்று. உறவுக்கு இது சான்று அன்று. நிறமி ஊருக்குப் பொது.

இந்தியாவில் இயற்கையாக வளர்வது பியோனியா எமோடி ஒன்றே. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டம், அப்பால் மேற்கு நேபாளம் என்று, ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளில். வெள்ளைப் பூ, சூலக இலை பெரும்பாலும் ஒன்று, சில வேளை இரண்டு. விந்திய மலைக்குத் தெற்கே காட்டுப் பியோனி கிடையாது. அகத்தியமலை எவ்வளவு உயரமானாலும் அதற்கு வேண்டிய பனிக்காலம் அங்கே இல்லை. ஆனால் அதன் வேர் நம்மூருக்கு வந்திருக்கிறது. யுனானி மருத்துவத்தில் ஊத் சலீப் என்பது பியோனி வேர்தான். ஊத் என்றால் கட்டை, சலீப் என்றால் சிலுவை. மேலப்பாளையத்தில் யுனானிச் சரக்கு விற்கும் கடையொன்றில் நான் கேட்டபோது, பெரியவர் ஒருவர் காகிதப் பொட்டலத்திலிருந்து விரல் நீளத்தில் சுருங்கிய பழுப்புத் துண்டு ஒன்றை எடுத்து, குறுக்கே நறுக்கி, வெட்டுமுகத்தைத் திருப்பிக் காட்டினார். மாவுபோன்ற வெளிர்நிறத்தில் நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. சிலுவையென்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால்தான் சிலுவையாகத் தெரியும். வேரின் கட்டைப் பகுதி கதிர்களாகப் பிரிந்திருக்கும் அமைப்பு அது.

வலிப்பு நோய்க்கு என்றுதான் அந்த வேரைச் சொல்வார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன், வலிப்புள்ள சிறுவனின் கழுத்தில் பியோனி வேரைக் கட்டி வைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். கைக்குழந்தைக்கு வசம்பு வளையம் கட்டும் நம் வீட்டு ஆச்சிகளுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், பியோனியை இரவில்தான் தோண்ட வேண்டும், பகலில் தோண்டினால் மரங்கொத்தி பார்த்துக் கண்ணைப் பழுதாக்கிவிடும் என்று வேர் பறிப்போர் சொல்வதைப் பதிந்துவைத்து, இது மிகைப்பேச்சு என்றும் எழுதினார். மூலிகைக்குக் காப்புக் கட்டி, சாபம் நீக்கிப் பறிக்கும் வழக்கம் நமக்கும் உண்டல்லவா. வலிப்புக்கு மருத்துவரைப் பாருங்கள். வேரைப் பாடத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

முளைக்காத கிழங்கைப் பற்றி. உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. அழகான படம் ஒட்டிய பெட்டியில் வந்த வேர்த்துண்டை மாடித் தொட்டியில் ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து வைத்தேன். இரண்டு சிவந்த முளை விரல்நீளம் எழுந்து, பங்குனி வெயிலில் கருகி, வேர் அழுகிப்போயிற்று. உறங்கும் மொட்டு விழிப்பதற்குப் பியோனிக்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். தாமிரபரணிக் கரையில் மார்கழியில்கூட அந்தக் குளிர் வருவதில்லை. விதையாக வாங்கினால் இன்னும் பொறுமை வேண்டும். முதலில் இளஞ்சூட்டில் வேர் மட்டும் விடும். பிறகு ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் தண்டு மேலே வரும். நம் ஊர் வெயிலில் பியோனி வளரும் என்று விற்பவர் செடியை அறியாதவர், அல்லது நம்மை நன்றாக அறிந்தவர்.

அதற்குப் பதில் மகளுக்கு ரணகள்ளியைக் காட்டுங்கள். இலையைக் கிள்ளி மண்ணில் போட்டாலும், புத்தகத்துக்குள் வைத்தாலும் விளிம்புப் பள்ளங்களில் குட்டிச் செடி முளைக்குமே, அதுதான். கிராசுலேசியே குடும்பம், பியோனி இருக்கும் அதே சாக்ஸிஃப்ரகேல்ஸ் துறை. வேலியோரத்தில் அது தை மாத வாக்கில் பூக்கும்போது, தொங்கும் காகிதக் கூண்டு போன்ற புல்லிக்குழலை நகத்தால் நெடுகக் கீறி, உள்ளே இருக்கும் செந்நிற அல்லிக்குழலையும் கீறி விரித்தால், எட்டு மகரந்தத்தாள்களுக்கு நடுவே நான்கு சூலக இலைகள் பச்சையாக நிற்கும். ஊசியால் நெம்பினால் அடிப்பகுதி நீங்கலாகத் தனித்தனியே பிரியும். ஒவ்வொன்றின் அடியிலும் மிகச் சிறிய செதில் ஒன்று ஒட்டியிருக்கும். தேன் சுரப்பது அதில். இதழ் இணைந்தது, மகரந்தத்தாள் எட்டே எட்டு, இலை சதைப்பற்று. பியோனியோடு சேர்த்து வைக்க முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை. ஜூசியூவிடம் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். செதில்களைப் பார்க்கப் பத்து மடங்கு கைலென்ஸ் போதும். காலையில் பாருங்கள், வெயில் ஏறிவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும்.